நெக்கில் ஒன்று போதும்: மலிவான செமி ஹாலோ கிட்டாருக்குப் பிக்கப் தேடுவோருக்கு

எபிஃபோன் டொட், அதற்குப் பின் 2020இல் வந்த எபிஃபோன் இஎஸ்-335, ஐபனேஸ் ஏஎஸ்73, கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர். கொழும்பில் கலியாண மண்டபங்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் செமி ஹாலோ கிட்டார் ஒன்றைக் கண்டால் பெரும்பாலும் அது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வைத்திருப்பவரிடம் கதைத்துப் பார்த்தால் குறையும் ஏறக்குறைய ஒன்றேதான்: "நெக் பிக்கப்பில கோர்ட் அடிச்சா எல்லாம் ஒண்டாக் குழையுது, பிரிட்ஜுக்கு மாத்தினா காதைக் குத்துது. பிக்கப் மாத்தினா சரி வருமா அண்ணை?"

வரும். பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும், காந்தமும் சுருளும் கொண்ட பாகம்; கிட்டாரின் கழுத்தை ஒட்டி நிற்பது நெக் பிக்கப், தந்திகள் அமரும் பிரிட்ஜை ஒட்டி நிற்பது பிரிட்ஜ் பிக்கப். ஆனால் எதை மாற்றுவது, எத்தனையை மாற்றுவது என்பதில்தான் காசு வீணாகிறது. பெயர் பெற்ற அமெரிக்கப் பிக்கப் ஒன்று இன்று 100 டாலரைத் தாண்டிவிட்டது. டாலர் 300 ரூபாயை ஒட்டி நிற்கும் காலத்தில் ஒரு சோடி வாங்கினால் அறுபதாயிரத்துக்கு மேல். அதன் தலையில் கூரியர் கூலி, சுங்கத்தில் விழுவது, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரி எல்லாம் ஏறும். பழைய விலைக்கு வாங்கிய கிட்டாரின் பெறுமதியையே பிக்கப் செலவு எட்டிப் பிடித்துவிடும். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு நெக் பக்கத்தில் மட்டும், சத்தம் குறைந்த, பழைய பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) ஒன்று போதும். பிரிட்ஜில் இருப்பதைக் கொஞ்சம் திருத்தினால் சரி. மற்றத் தெரிவுகள் எல்லாம் குறிப்பிட்ட ஒரு தேவை உள்ளவர்களுக்கு.

இந்த வகைக் கிட்டாரின் உடம்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கிப்சன் 1958இல் இஎஸ்-335ஐக் கொண்டுவந்தபோது செய்த புதுமை, பொள்ளலான உடம்பின் நடுவே தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு மரக்கட்டையை ஓடவிட்டதுதான். இரண்டு பக்கச் சிறகுகளும் பொள்ளல், நடு கெட்டி. பிக்கப்பும் பிரிட்ஜும் அந்த நடுக்கட்டையில் நிற்பதால், முழுப் பொள்ளல் கிட்டார்போல அம்பின் (அம்ப்ளிஃபயரின்) சத்தத்துக்கு ஊளையிடாது. ஆனாலும் மேற்பலகை மெல்லிய பிளைவுட்தான். அது அதிரத்தான் செய்யும். நோட் எழும்பும்போது வரும் அந்தக் காற்றோட்டமான சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. எந்தப் பிக்கப் அதை மறைக்காமல் வெளியே விடுகிறது என்பதுதான் கேள்வி. திண்ணிய கட்டைக் கிட்டாருக்கு நல்ல பிக்கப் இதற்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

வாங்குவதற்கு முன் ஓர் அரை மணித்தியாலம் செலவழியுங்கள். கழுத்தின் கடைசிக் கட்டத்தில் (ஃபிரெட்டில்) தந்தியை அமர்த்திப் பிடித்துக்கொண்டு, போல் பீஸின் (ஒவ்வொரு தந்திக்கும் கீழே பிக்கப்பில் தெரியும் உலோகத் தலை) உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கிப்சன் சொல்லும் கணக்கு பிரிட்ஜில் சுமார் 1.6 மில்லிமீட்டர், நெக்கில் சுமார் 2.4. மலிவுக் கிட்டார்களில் நெக் பிக்கப் பெரும்பாலும் இதைவிடத் தந்தியை ஒட்டி நிற்கும். கீழ் ஸ்தாயி குழைவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நெக்கை நன்றாக இறக்கி, அதன் திருகு போல் பீஸ்களை மட்டும் அரைச் சுற்று மேலே எடுத்துவிட்டால் மந்தம் கணிசமாகக் குறையும். மேற்பலகையின் எஃப் வடிவ ஓட்டைகளில் ஸ்பொஞ்ச் திணித்து ஃபீட்பேக்கை (அந்த ஊளையை) அடக்குவதும் காசில்லாத வேலைதான். புளூஸ் கலைஞர் பி.பி. கிங் தன் கிட்டாரின் எஃப் ஓட்டைகளில் துணி திணித்து வாசித்தவர். பிறகு 1980இல் கிப்சன் அவருக்கென்று செய்த லூசில் மொடலில் ஓட்டையே வைக்கவில்லை.

இன்னொன்று பொட், அதாவது வொலியூம், டோன் குமிழ்களின் அடியில் உள்ள பாகம். 500 கிலோ ஓம் என்று எழுதியிருக்கும் மலிவு பொட் 400க்குக் கீழே இருப்பது அதிசயமில்லை. வொலியூம் பொட்டின் ஓம் குறையக் குறைய மேல் ஸ்தாயி மங்கும். கிட்டாரின் ஜாக்கில் வயரைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்தால் பிக்கப்பும் பொட்டும் சேர்ந்த எண் வரும். பிக்கப்பின் ஓம் அதற்கு ஏறக்குறைய சமமாகவே இருக்கும் என்பதால் பொட்டைத் தனியாகப் பார்க்க அதைக் கழற்றத்தான் வேண்டும். இதையும் பார்த்த பிறகும் சத்தம் பிடிக்கவில்லை என்றால், சரி, பிக்கப் பக்கம் போவோம்.

முதலில் உங்களிடம் இப்போது இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐபனேஸ் ஏஎஸ்73இல் வருவது கிளாசிக் எலைட், செராமிக் காந்தம். ஒரு படி மேலே உள்ள ஏஎஸ்93இன் சூப்பர் 58இல் அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம். 2020க்குப் பின் வந்த எபிஃபோன் இஎஸ்-335இல் அல்நிகோ கிளாசிக் ப்ரோ, அதோடு சீடிஎஸ் நிறுவனத்துப் பொட். கடைசியில் சொன்னது உங்களிடம் இருந்தால், மாற்றுவதால் கிடைக்கும் முன்னேற்றம் சிறியது. முழு அளவு பொட்டும் அல்நிகோவும் ஏற்கெனவே கையில் இருக்கும்போது அறுபதாயிரம் ரூபாயை அங்கே கொட்டுவதை என்னால் ஆமோதிக்க முடியாது. பழைய டொட்டும் ஏஎஸ்73உம் வேறு கதை.

இனி தெரிவுகள். நான் அதிகம் நிற்கப்போவது பழைய பாணி ஹம்பக்கரில்தான், ஏனெனில் இந்த உடம்புக்கென்றே பிறந்தது அது. கிப்சனில் வேலை செய்த சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து மின் உறுமலை அடக்கும் பிக்கப்புக்கு 1955இல் காப்புரிமை கேட்டார், கிடைத்தது 1959இல். அந்தக் காலத்துப் பிக்கப்புகளின் அடியில் "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" (Patent Applied For) என்ற ஒட்டுச் சீட்டு இருந்ததால் அவற்றை பி.ஏ.எஃப் என்கிறோம். முதல் 335களில் இருந்தவை அவைதான். கையால் நிறுத்தி நிறுத்திச் சுற்றியதால் ஒன்றுபோல் மற்றது இல்லை: 7 கிலோ ஓமிலிருந்து 9 வரை ஓடும், காந்தமும் கையில் அகப்பட்ட அல்நிகோ ரகம். இன்று பி.ஏ.எஃப் பாணி என்று விற்பவை எல்லாம் அந்தச் சீரின்மையின் ஏதோ ஒரு புள்ளியைப் பிடித்துச் செய்தவை.

அவற்றுக்குள் இரண்டு விடயங்கள்தான் உங்கள் காதுக்குப் பெரிய வித்தியாசம் தரும்: காந்தம், மெழுகு.

அல்நிகோ 5 இறுக்கமானது. கீழ் ஸ்தாயி கட்டுக்கோப்பாக நிற்கும், மேல் பகுதி தெளிவாக மின்னும். நெக்கில் குழைவதுதான் உங்கள் குறை என்றால் இதுதான் மருந்து. சீமோர் டங்கன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் '59 இந்த ரகம். நெக் சுமார் 7.4 கிலோ ஓம். அல்நிகோ 2 மிருதுவானது, தொடுகைக்கு வளைந்து கொடுப்பது, நடு ஸ்தாயி கொஞ்சம் இனிப்பு. கிப்சனின் 57 கிளாசிக்கும், சேத் லவரோடு சேர்ந்து சீமோர் டங்கன் செய்த அவர் பெயர் தாங்கிய பிக்கப்பும் இந்தப் பக்கம். பிரகாசமான கிட்டார், பிரகாசமான அம்ப் என்றால் அல்நிகோ 2. மந்தமான பிளைவுட் உடம்பு என்றால் 5. இரண்டுக்கும் நடுவே 4 உண்டு. டோன்ரைடர் என்ற நிறுவனம் அல்நிகோ 2, அல்நிகோ 4 என்று தனித்தனிச் சோடிகளே விற்கிறது, விலையும் அமெரிக்கப் பெயர்களைவிட இறக்கம். எனக்குக் கைக்காசு குறைவாக இருந்தால் அந்த 4ஐத்தான் முதலில் தேடுவேன்.

மெழுகைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் வாசிக்கும் இடங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். சுருளை உருகிய மெழுகில் தோய்த்தால் கம்பிகள் அசையாது; தோய்க்காவிட்டால் உரத்த சத்தத்தில் சுருளும் கவரும் தாமே அதிர்ந்து கீச்சென்று அலறும். பழைய பி.ஏ.எஃப்கள் தோய்க்காதவை. சேத் லவர் பிக்கப்பும் அப்படியே. வீட்டில் சின்ன அம்பில், உள்ளறையில் வாசிப்பவருக்குத் தோய்க்காத பிக்கப்பில் ஒருவித உயிர்ப்பு கிடைக்கும். மேற்பலகையில் விரல் தட்டினால்கூடக் கேட்கும். ஆனால் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பிறகு மேடையேறி, மொனிட்டர் ஸ்பீக்கர் முழங்காலுக்கு நேரே நிற்க, டிரம்மர் பைலா தாளத்தை அடித்து நொறுக்கும்போது அந்த உயிர்ப்பு எமனாகிவிடும். அரைப் பொள்ளல் உடம்பும் தோய்க்காத பிக்கப்பும் சேர்ந்தால் ஃபீட்பேக்குக்கு இரண்டு வாசல் திறந்துவைத்த கதை. மேடைக்கு மெழுகில் தோய்த்தது, '59 போல அல்லது 57 கிளாசிக் போல. வீட்டுக்கு எதுவும்.

ஓம் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்காரர் 8 கிலோ ஓம், 9 கிலோ ஓம் என்று சொல்வதைச் சத்தத்தின் அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சுருளில் எவ்வளவு கம்பி, எவ்வளவு மெல்லிய கம்பி என்பதன் அடையாளம் மட்டும். ஒரே கம்பியும் ஒரே காந்தமும் உள்ள இரண்டு பிக்கப்புகளை ஒப்பிடும்போதுதான் அதற்கு அர்த்தம். அதோடு செப்புக் கம்பியின் தடை வெப்பத்தோடு ஏறும். 20 பாகையில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், நம் ஊர் 30 பாகைப் பிற்பகலில் ஏறக்குறைய 8.3 காட்டும். பெட்டியில் எழுதியதும் மீட்டர் காட்டுவதும் பொருந்தவில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போகுமுன் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது சத்தம் கூடிய பிக்கப். இதில் அதிக நேரம் வேண்டாம். 1972இல் டிமார்சியோ கொண்டுவந்த சூப்பர் டிஸ்டோர்ஷனிலிருந்து சீமோர் டங்கனின் ஜேபி வரை, இவை அம்பின் முன்வாசலை உதைத்துத் திறந்து டிஸ்டோர்ஷன் எடுக்கப் பிறந்தவை. ஜேபி 16 கிலோ ஓமைத் தாண்டும். செமி ஹாலோவில் இவற்றைப் போட்டால் நடு ஸ்தாயி தடித்து, மேற்பலகையின் காற்றோட்டம் காணாமல் போகும். பிறகு திண்ணிய கட்டைக் கிட்டார் ஒன்றே வாங்கியிருக்கலாமே என்ற எண்ணம்தான் வரும். "சத்தம் காணாது" என்று சொல்பவர்களுக்கு வேண்டியது பிக்கப் அல்ல, முன்னால் ஒரு பூஸ்ட் பெடல். கனத்த ரொக் மட்டுமே வாசிப்பவர், பிரிட்ஜில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்ளட்டும்.

பி-90 பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கிப்சன் 1946இல் கொண்டுவந்த சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப். ஹம்பக்கரின் உருண்டைத்தனமும் ஃபெண்டரின் கீற்றும் இல்லாத நடுவான, கொஞ்சம் முரட்டுத்தனமான குரல். விரலை அழுத்தினால் உறுமும், தளர்த்தினால் தெளியும். எபிஃபோன் கசீனோவின் சத்தம் பிடித்துப்போய், அதைத் தம் செமி ஹாலோவில் கொண்டுவர நினைப்பவர்கள் இங்கே வருகிறார்கள். அவர்களிடம் ஒன்றைச் சொல்லவேண்டும்: கசீனோவில் நடுக்கட்டையே இல்லை, முழுப் பொள்ளல். பிக்கப்பை மட்டும் மாற்றி அந்தச் சத்தத்துக்குப் போகமுடியாது. இரண்டாவது, ஹம்பக்கர் குழியில் உட்காரும் அளவுக்குச் செய்த பி-90, உதாரணத்துக்கு சீமோர் டங்கனின் ஃபாட் கேட், உண்மையான பி-90இன் அகலச் சுருளைக் கொண்டதல்ல. கவருக்குள் அடங்க அதைக் குறுக்கிச் சுற்றவேண்டியிருக்கிறது. குணம் கிட்ட வரும், அதே அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உறுமல். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்; சிங்கிள் காயில் அந்த 50ஐயும் அதன் மடங்குகளையும் தந்தியைவிட ஆசையாகப் பிடிக்கும். ஃபெண்டர் பாணிக் கிட்டார் என்றால் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி ஓரளவு காப்பாற்றலாம். செமி ஹாலோவில் பொட்டுகள் கிடப்பது எஃப் ஓட்டைக்குள்ளே பொள்ளலான சிறகில். தகடு ஒட்டக் கையே போகாது. கொழும்பின் பழைய வீடுகளில் எர்த் சரியாக இல்லாத உருண்டை முனை பிளக் பொயின்ட்கள் இன்னும் ஏராளம். மண்டபங்களில் விளக்கு டிம்மர்களும் எல்ஈடி திரையும் மேடைக்குப் பின்னாலேயே நிற்கின்றன. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அறிவிப்பாளர் பேசும்போது உங்கள் அம்ப் மட்டும் ம்ம்ம் என்று நிற்கும். இரண்டு பி-90களை எதிர்ச்சுற்றாகவும் எதிர்க் காந்தமாகவும் வாங்கினால் நடு நிலையில் மட்டும் உறுமல் அடங்கும். தனித்தனியாக வாசிக்கும்போது அடங்காது. வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறீர்கள், அறையின் வயரிங் நல்லது, புளூஸ்தான் உங்கள் உலகம் என்றால் பி-90ஐ நான் தடுக்கமாட்டேன். மேடை என்றால் தடுப்பேன்.

ஃபில்டர்ட்ரோன் வகை, ஸ்ட்ரீம்லைனர்காரர்களின் கனவு. ரே பட்ஸ் 1950களில் கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸுக்காகச் செய்த மெல்லிய ஹம்பக்கர் அது. சத்தம் குறைவு, மேல் ஸ்தாயி பளிச். உறுமலும் இல்லை. ஸ்ட்ரம் பண்ணும்போது ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்பதால், கிட்டாரைத் தாள வாத்தியமாக வாசிக்கும் பைலாக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று நினைக்கிறேன். சிக்கல் அளவுதான். உண்மையான ஃபில்டர்ட்ரோன் சாதாரண ஹம்பக்கரைவிட ஒடுக்கம், குழியில் தளதளக்கும். டிவி ஜோன்ஸ் என்ற நிறுவனத்தார் ஹம்பக்கர் குழிக்குப் பொருந்தும் விதமாகவும் செய்கிறார்கள். ஆனால் விலை கூட. தேடிக் கிடைத்தால் போடுங்கள், அதற்காகக் கடன்படவேண்டாம்.

நான் மிக விரும்புவது பெட்டிக்கு வெளியே கிடக்கும் ஒரு தெரிவை: பிக்கப்பை மாற்றாமல் அதன் காந்தத்தை மட்டும் மாற்றுவது. ஏஎஸ்73 போன்றவற்றில் செராமிக் காந்தம்தான் அந்த விறைப்பான, காதைக் குத்தும் மேல் ஸ்தாயிக்கு ஒரு காரணம். சுருள்கள் எதுவும் மோசமில்லை. ஹம்பக்கரின் அடியில், இரண்டு சுருள்களுக்கும் கீழே நடுவில் ஒரு பட்டைக் காந்தம் கிடக்கும். அல்நிகோ பட்டை சில டாலருக்குக் கிடைக்கிறது; கடித உறையில் வந்துவிடும். கவரின் இரண்டு சோல்டர் புள்ளிகளைச் சூடாக்கி விடுவித்து, கவரைக் கழற்றி, அடியில் உள்ள நான்கு பித்தளை ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பழைய பட்டையைத் தள்ளினால் புதியது உள்ளே போகும். பிக்கப்பின் மயிரிழைக் கம்பிகளை மட்டும் தொடக்கூடாது. தொட்டு அறுந்தால் பிக்கப் போயிற்று.

கவனிக்கவேண்டியது திசை. பழைய காந்தத்தின் ஒரு நீளப் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் குறியிட்டு, புதியதை அதே துருவம் அதே பக்கம் வருமாறு வைக்கவேண்டும். இரண்டு பட்டைகளும் ஒன்றையொன்று தள்ளுகின்றனவா இழுக்கின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தலைகீழாகப் போட்டால் தனியாக வாசிக்கும்போது வித்தியாசம் தெரியாது. நடு நிலைக்குச் சுவிட்சைத் தள்ளியதும் சத்தம் மெலிந்து மூக்கால் பேசும். சில மலிவுப் பிக்கப்புகளில் செராமிக் பட்டை அல்நிகோவைவிடத் தடிப்பு அல்லது ஒடுக்கம்; அப்படியானால் இடைவெளி விழும். வாங்குமுன் திறந்து அளந்துவிடுங்கள். செராமிக்கிலிருந்து அல்நிகோ 5க்குப் போனால் பிரிட்ஜின் குத்தல் மழுங்கும், சத்தமும் கொஞ்சம் இறங்கும். பிரிட்ஜுக்கு இதுவே போதும் என்று மேலே சொன்னது இதை வைத்துத்தான்.

நெக்குக்குப் புதியது வாங்கப் போகிறீர்கள் என்றால் அளவு எடுக்கவேண்டிய இடம் இது. முதல் போல் பீஸின் மையத்திலிருந்து ஆறாவதின் மையம் வரை. சீமோர் டங்கனின் சாதாரண ஹம்பக்கரில் 49.2 மில்லிமீட்டர், அகலமான ரகத்தில் 52.6. ஆசியாவில் செய்த கிட்டார்களில் நெக்கில் 50, பிரிட்ஜில் 52 என்று வருவது வழக்கம். நெக்கில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒன்றுமில்லை. ஆனால் பழைய கவரைப் புதிய பிக்கப்புக்கு மாட்டலாம் என்று நினைத்தால் அந்த ஒரு மில்லிமீட்டர் விடாது; கவர் இல்லாமல் வாங்கும்போது இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிக்கப்பின் காலின் நீளத்தையும் பாருங்கள். நீளக் கால் உள்ளது நடுக்கட்டையில் இடிக்கும் குழிகள் உண்டு.

வயரில் இரண்டு வகை. பழைய பாணியில் நடுவே ஒரு வயர், சுற்றிப் பின்னிய உலோக உறை. புதிய பாணியில் நான்கு வயரும் ஒரு வெற்று வயரும். ஒன்றை மட்டும் மாற்றுபவர் நான்கு வயர் வாங்கட்டும் என்பது என் பிடிவாதம். பழையதும் புதியதும் வெவ்வேறு நிறுவனம் என்றால் இரண்டின் ஃபேஸ் (சைகை ஏறி இறங்கும் திசை) ஒத்துப்போகும் என்ற நிச்சயம் இல்லை. நான்கு வயரில் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும். உலோக உறை வயரில் மாற்றினால் கவரே மின்சுற்றின் சிக்னல் பக்கமாகி, கை பட்டாலே உறுமும். அப்போது காந்தத்தைத் திருப்பிப் போடுவதைத் தவிர வழியில்லை. நிறக் குறியிலும் ஒரு பொறி: சீமோர் டங்கனில் கறுப்பு சிக்னல், பச்சை எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கிக் காப்பிடவேண்டியவை. டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், பச்சை எர்த், கறுப்பும் வெள்ளையும் முறுக்கவேண்டியவை. வெற்று வயர் இரண்டிலும் எர்த்துக்கு. ஒன்றின் வரைபடத்தை வைத்து மற்றதை இணைத்தால் பிக்கப்பின் சத்தம் மெலிந்து உறுமும்.

பொருத்தும் வேலைதான் பலரைப் பயமுறுத்துகிறது, நியாயமாகவே. பின்னால் மூடி இல்லை. பொட், சுவிட்ச், ஜாக் எல்லாம் எஃப் ஓட்டை வழியாக வெளியே இழுத்து, சோல்டர் பண்ணி, திரும்ப மீன்பிடித்து உள்ளே அனுப்பவேண்டும். ஒவ்வொரு பொட்டின் தண்டிலும் தூண்டில் நைலோன் நூலைக் கட்டிவிட்டு இழுத்தால் திரும்ப அதே ஓட்டைக்குக் கொண்டுவரலாம். பெரிய சீடிஎஸ் பொட் வாங்கிவிட்டு, மலிவுக் கிட்டாரின் சிறு ஓட்டையில் அதன் தண்டு நுழையாமல் ரீமர் தேடி அலைவதும் உண்டு. மேற்பலகையின் பொலிஷ் பிளக்காமல் அந்த ஓட்டையைப் பெருப்பிப்பது எளிதல்ல.

நெக்கை மட்டும் மாற்றுபவருக்கு இந்தச் சோலியே இல்லை. பழைய பிக்கப்பை வெளியே எடுத்து, அதன் வயரைப் பிக்கப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டி, பொட்டிலிருந்து வரும் மீதத்தோடு புதிய பிக்கப்பின் வயரைக் கிட்டாருக்கு வெளியிலேயே சோல்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி, குழிக்குள் மடித்து வைத்தால் முடிந்தது. எஃப் ஓட்டையைத் தொடவேண்டியதில்லை. சிக்னலை ஒரு குழாயாலும், எர்த்தையும் சேர்த்து வெளியே இன்னொரு குழாயாலும் மூடவேண்டும். இதை அரைகுறை வேலை என்று சொல்லும் கிட்டார்காரர்கள் உண்டு. சத்தத்தில் வித்தியாசம் இல்லை. பழையதை மீண்டும் போடவேண்டி வந்தாலும் வேலை சுலபம். அதற்காகவே வெட்டும்போது இரண்டு பக்கமும் போதிய நீளம் விடுங்கள்.

குழாய், சோல்டர், டோன் பொட்டில் மாட்டும் 0.022 மைக்ரோ ஃபராட் கெப்பாசிட்டர் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து மின்னணுச் சாமான் கடைகளில் கேட்டால் அகப்படும். கிட்டாருக்கு என்று சொல்லவேண்டாம். ரேடியோ வேலைக்கு என்றால் விலையும் நேராக இருக்கும். சோல்டர் பண்ணத் தெரியாவிட்டால் அம்பும் மைக்கும் திருத்துபவரிடம் கொடுப்பது நல்லது, ஆனால் எந்த வயர் எங்கே என்று எழுதிய தாளோடு. "நான் பாத்துச் செய்றன் தம்பி" என்பார். தாளைக் கையில் கொடுத்துவிட்டே வாருங்கள்.

கடற்காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் காலி வீதிக்கும் இடையில் குடியிருப்பவர்களின் கிட்டாரில் முதலில் துருப்பிடிப்பது போல் பீஸ் ஸ்க்ரூவும் பிக்கப் வளையத்தின் சின்ன ஸ்க்ரூக்களும்தான். நிக்கல் கவர் ஓரிரு வருடத்தில் மங்கும், அது பார்வைக்குத்தான். தங்க முலாம் கவர் வடிவாக இருக்கும் என்று கூடக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, வியர்வையில் உரிந்துவிடும்.

ஆக, யாருக்கு எது? கலியாண வீடுகளில் இளையராஜா பாட்டும் பைலாவும் மாறி மாறி வாசிக்கும் ஏஎஸ்73காரர், நெக்கில் மெழுகில் தோய்த்த அல்நிகோ 5 ஹம்பக்கர் ஒன்று, நான்கு வயரில். பிரிட்ஜில் காந்தம் மட்டும் மாற்றம். கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பாடகர்களுக்குப் பின்னால் மெதுவாக வாசிப்பவருக்கு அல்நிகோ 2 அல்லது 4; மேடைச் சத்தம் குறைவு என்பதால் தோய்க்காததும் தாங்கும். வீட்டில் இரவில் ஜாஸ் கோர்ட் பழகுபவர் நெக்கோடு நிற்கலாம், பிரிட்ஜை அவர் தொடுவதே இல்லை. புதிய எபிஃபோன் இஎஸ்-335 வைத்திருப்பவர் உயரத்தைச் சரிசெய்து, அந்தப் பணத்தில் நல்ல அம்ப் ஒன்றுக்கு முற்பணம் கட்டட்டும்.

கழற்றிய பிக்கப்பை ஸ்க்ரூ, ஸ்பிரிங், வளையத்தோடு ஒரு பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொதி ஒன்றும் சேர்த்துக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கிட்டாரை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது "ஒறிஜினல் பார்ட்ஸ் இருக்கா?" என்றுதான். பழையதைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டால் புதிய பிக்கப் உங்களோடேயே வரும், அடுத்த கிட்டாருக்கு.